புதுப்பிப்பு: பாட்டி வீட்டைச் சின்ன மாமாவுக்கு எழுதிக் கொடுத்த விவகாரம்

போன மாதம் எழுதியிருந்தேனே, பாட்டி யாரிடமும் சொல்லாமல் வீட்டைச் சின்ன மாமா பெயருக்கு எழுதிவிட்டார், அம்மாவும் பெரியம்மாவும் மாமாவுடன் பேச்சையே நிறுத்திவிட்டார்கள் என்று. பத்திரத்தை வாங்கிப் பார்த்தோம். நாங்கள் நினைத்த மாதிரி அது உயில் இல்லை, தானப் பத்திரம். உயில் என்றால் பாட்டி இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், தானப் பத்திரத்தில் வீடு அப்போதே கைமாறிவிட்டது. பாட்டி ஆயுள் முழுக்க அங்கேயே வசிக்கும் உரிமை பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை, எனக்குப் பங்கைவிட அதுதான் பெரிய கவலை. வக்கீல் பாட்டியிடம் தனியாகப் பேச வேண்டும் என்று எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார் (அம்மாவுக்கு ஏகக் கோபம்). அப்புறம்தான் தெரிந்தது, யாரும் மிரட்டவில்லை, பாட்டி தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சரி, வழக்கு வேண்டாம். வசிக்கும் உரிமையைத் தனியாக எழுதிப் பதிந்து தர மாமா ஒப்புக்கொண்டார். பெரியம்மா இன்னும் அவர் போனை எடுப்பதில்லை.