கோயில் கல்யாணம் மட்டும்தான், ஹோம் அஃபேர்ஸ் பதிவு இல்லை: அத்தானின் பென்ஷன் அக்காவுக்கு வருமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

வணக்கம். இதை என் அக்காவுக்காக எழுதுகிறேன். அத்தான் தவறி இரண்டு மாதம் ஆகிறது. 1989 ஜனவரியில் அரசுப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தவர், 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றார். 2024 செப்டம்பரில் மாரடைப்பு.

அக்கா அவருக்கு இரண்டாவது மனைவி. முதல் மனைவியோடு 2019 கடைசியில் நீதிமன்றத்தில் விவாகரத்து ஆனது. அந்த அம்மாவுக்கு அடுத்த வருடம் பென்ஷன் நிதியிலிருந்து ஒரு பெரிய தொகை போனது. அக்காவுக்கும் அத்தானுக்கும் 2021 பிப்ரவரியில் கோயிலில் தாலி கட்டு. கொரோனா நேரம், ஐயரையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு பேர். அந்த ஐயருக்குத் திருமணப் பதிவு அதிகாரம் கிடையாது. ஹோம் அஃபேர்ஸில் (அரசின் உள்துறை அலுவலகத்தில்) அப்புறம் பதிந்துகொள்ளலாம் என்று இருந்தார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை.

இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அத்தானின் அண்ணன், "சர்டிபிகேட் இல்லையென்றால் நீ மனைவியே இல்லை, பென்ஷன் உயில்படி எங்கள் குடும்பத்துக்குத்தான்" என்கிறார். அதோடு, 33 வருடம் வேலை பார்த்தவருக்கு நிதியின் கடிதத்தில் 25 வருடம்தான் போட்டிருக்கிறது. மீதி எட்டு வருடம் எங்கே போனது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அக்கா சரியாகச் சாப்பிட்டே பல நாள் ஆகிறது.

பதில் (டோங்காட்)

வருத்தமாக இருக்கிறது அம்மா. எனக்குத் தெரிந்தவரை பழைய மனைவிக்கும் பாதி போகும். முப்பது வருடம் கூட வாழ்ந்தவர் அவர். வக்கீலைப் பாருங்கள்.

பதில் (பீனிக்ஸ்)

டோங்காட் நண்பர் மன்னிக்க வேண்டும், அது சரியில்லை. நான் இருபது வருடத்துக்கு மேல் கல்வித் துறை அலுவலகத்தில் ஆசிரியர்களின் பென்ஷன் காகிதங்களோடு இருந்தவன். முதல் மனைவியின் பங்கு 2020இல் கொடுத்ததோடு தீர்ந்தது. விவாகரத்து ஆனவருக்கு அதன்பிறகு துணைவர் பென்ஷனில், அதாவது இறந்தவரின் மனைவிக்கோ கணவருக்கோ மாதாமாதம் வருவதில், உரிமை கிடையாது. அவருடைய பங்குதான் தங்கச்சி தேடுகிற அந்த எட்டு வருடம்.

விளக்கமாகச் சொல்கிறேன், பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தனியார் நிதிகளில், விவாகரத்து ஆனதுமே துணைக்குப் பங்கைக் கொடுத்துவிடும் வழி 2007இலேயே வந்துவிட்டது. அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்குத் தனிச் சட்டம், அதனால் நம் ஆசிரியர்களுக்கு 2011 திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்பிறகும் ஒரு கொடுமை இருந்தது. துணைக்குக் கொடுத்த தொகையை ஊழியரின் பெயரில் கடனாக எழுதி வட்டி ஏற்றிக்கொண்டே போனார்கள். ஓய்வு பெறும் நாளில் அந்தக் கடனைப் பார்த்து அழுத மனிதர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். 2019 திருத்தம்தான் இதை மாற்றியது. கடன் வேண்டாம், கொடுத்த தொகைக்கு ஈடாகப் பணிக்காலத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றானது. உங்கள் அத்தானுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

அந்த எட்டு வருடம் பணமாக எவ்வளவு? கடைசி 24 மாதச் சம்பளத்தின் சராசரியை வருடத்துக்கு 4,00,000 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். அதை 55ஆல் வகுத்துப் பணிக்கால வருடங்களால் பெருக்கி, அதோடு மொத்தமாக 360 ரேண்ட் சேர்த்தால் வருடப் பென்ஷன். 33 வருடத்துக்கு மாதம் 20,030 வரும். 25 வருடத்துக்கு ஏறத்தாழ 15,180. ஓய்வு பெறும்போது கையில் கிடைக்கும் மொத்தத் தொகை, சம்பளத்தில் 6.72 சதவீதம் பெருக்கல் வருடங்கள். அது 8,87,040இலிருந்து 6,72,000 ஆகிவிடும்.

அத்தானின் அண்ணன் சொல்வதும் தவறு. துணைவர் பென்ஷன் உயிலுக்குக் கட்டுப்பட்டதில்லை. நிதியின் விதிகள்தான் அதை யாருக்கு என்று முடிவு செய்யும். வழக்கமாக அது இறந்தவர் வாங்கிய பென்ஷனில் 50 சதவீதம். ஓய்வு பெறும்போதே மொத்தத் தொகையிலோ மாதப் பென்ஷனிலோ கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் 75 ஆக்கிக்கொள்ளலாம். இன்னொன்று, ஓய்வு பெற்ற முதல் ஐந்து வருடத்துக்குப் பென்ஷன் உத்தரவாதம் உண்டு. அத்தான் 33 மாதம்தான் வாங்கியிருக்கிறார். மீதி 27 மாதத்துக்கான தொகை ஒரே தடவையில் வர வேண்டும். அதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஓய்வு பெற்றபோது அத்தான் நிரப்பிய படிவத்தின் நகல் வீட்டில் இருக்கிறதா? துணை என்ற இடத்தில் யார் பெயர் என்று பாருங்கள்.

பதில் (மெரிபேங்க்)

தங்கச்சி, அக்காவிடம் சொல், நானும் கோயில் கல்யாணம்தான். என் வீட்டுக்காரர் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். எனக்குப் பென்ஷன் வருகிறது.

அரசு நிதியின் விதிப்படி, மதச் சடங்குப்படி கட்டிக்கொண்டவரும் துணைதான். ஆனால் நிரூபிக்கும் பாரம் நம் தலையில். நான் கொடுத்ததைச் சொல்கிறேன்: கோயில் கடிதத் தாளில் செயலாளர் எழுதித் தந்த கடிதம், தாலி எடுத்துக் கொடுத்த ஐயரின் பிரமாண வாக்குமூலம், இரண்டு குடும்பத்திலும் ஒவ்வொருவரின் வாக்குமூலம், மருத்துவக் காப்பீட்டில் என்னை மனைவி என்று சேர்த்திருந்த அட்டை, இருவர் பெயரிலும் வந்த வீட்டுக் கடன் காகிதம். வாக்குமூலங்களைக் காவல் நிலையத்திலேயே முத்திரை போட்டுத் தருவார்கள், காசு கிடையாது. அப்புறம் கல்யாணப் போட்டோ. உங்களுடையது கொரோனாக் கல்யாணம், போட்டோ எல்லாம் போனில்தான் இருக்கும். இன்றைக்கே அச்சுப் போட்டு வையுங்கள்.

ஒரு நகலும் வைத்துக்கொள்ளாமல் எதையும் கொடுக்காதீர்கள். ஒரு தடவை என் காகிதங்கள் காணாமல் போய், ஐயரிடம் மறுபடி போய் நிற்க வேண்டியதாயிற்று.

புகுந்த வீட்டார் பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். நம் டர்பன் உயர் நீதிமன்றத்திலேயே 2008இல் தீர்ப்பு வந்திருக்கிறது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து அவருடைய பெற்றோருக்கா, இந்து முறைப்படி மணந்த மனைவிக்கா என்று வழக்கு. மனைவிதான் வாரிசு என்று தீர்ப்பானது. அது சொத்து வழக்கு, பென்ஷன் வழக்கு இல்லை. ஆனாலும் "நீ மனைவியே இல்லை" என்று யாராவது சொன்னால், அதை அவர்கள் முன்னால் வையுங்கள்.

கேள்வி கேட்டவர் (சாட்ஸ்வொர்த்)

நன்றி அண்ணா, நன்றி அக்கா. உங்கள் இருவர் பதிலையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். நேற்று ராத்திரி அத்தானின் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தோம். சம்பளச் சீட்டுகள் வருட வாரியாக ரப்பர் போட்டுக் கட்டியிருக்கின்றன. அடியில் ஓய்வுப் படிவத்தின் நகல். துணை என்ற இடத்தில் அக்காவின் பெயரும் அடையாள எண்ணும் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன.

ஒரு சந்தேகம். அதே டின்னில் டபிள்யூ.பி. 1002 என்ற பழைய நியமனப் படிவம் (தான் இறந்தால் பணம் யாருக்கு என்று எழுதிக் கொடுப்பது) ஒன்று இருக்கிறது. அதில் முதல் மனைவியின் பெயர்தான். அது கெடுத்துவிடுமா?

பதில் (பீனிக்ஸ்)

மாதாமாதம் வரும் துணைவர் பென்ஷனை அந்தப் படிவம் தொடாது. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால் மொத்தத் தொகை யாருக்கு என்பதற்கு அது முக்கியம். ஓய்வுப் படிவத்தில் அக்கா பெயர் இருப்பது பெரிய பலம். மெரிபேங்க் அம்மா சொன்னவற்றோடு அதையும் சேர்த்துப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அலுவலகத்தில் நேரில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மறுத்துவிட்டாலோ மாதக்கணக்கில் இழுத்தாலோ அரசு ஊழியர் ஓய்வூதியக் குறைகேள் அதிகாரி இருக்கிறார், கட்டணம் கிடையாது.

வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்தால், இன்றைக்கே உங்கள் 1002ஐ எடுத்துப் பாருங்கள். விவாகரத்து ஆகிப் பத்து வருடம் கழித்தும் பழைய பெயரோடு கிடக்கும் படிவங்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

பதில் (வெருலம்)

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும் அண்ணே. நானும் ஆசிரியர், 21 வருடச் சர்வீஸ். விவாகரத்து நடந்துகொண்டிருக்கிறது. "எல்லாவற்றிலும் பாதிப் பாதி" என்று இருவரும் சம்மதித்துவிட்டோம். அது போதுமா?

பதில் (பீனிக்ஸ்)

போதாது தம்பி. நீதிமன்ற ஆணையில் நிதியின் முழுப் பெயர் இருக்க வேண்டும். "ஓய்வூதிய உரிமையில் இத்தனை சதவீதம்" அல்லது இத்தனை ரேண்ட் என்று தெளிவாக இருக்க வேண்டும், அதை நிதியே நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்க வேண்டும். பாதிப் பாதி என்று மொட்டையாக இருந்தால் நிதி திருப்பி அனுப்பிவிடும், மறுபடி நீதிமன்றச் செலவு. விவாகரத்து ஆகும் நாளில் நீங்கள் ராஜினாமா செய்தால் என்ன கிடைக்குமோ அதுதான் கணக்கு. இருவருக்குமே இதில் தெளிவு வேண்டும். அவரும் உங்கள் பிள்ளைகளின் தாய்தானே.

பதில் (மெரிபேங்க்)

இதோடு ஒன்று சொல்லியே ஆக வேண்டும், என் மனதில் கிடந்து அரிக்கிறது. கோயில் கல்யாணம் மட்டும் செய்த பெண்ணுக்குப் புருஷன் இறந்தால் கதவு திறக்கிறது. பிரிந்தால் திறப்பதில்லை. 2007இல் இதே டர்பன் நீதிமன்றத்தில், பதிவு செய்யாத இந்துத் திருமணத்துக்கு விவாகரத்துத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். விவாகரத்து ஆணை இல்லையென்றால், பீனிக்ஸ் அண்ணன் மேலே சொன்ன அந்தப் பங்கை எதை வைத்துக் கேட்பது? 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றம் முஸ்லிம் பெண்களுக்கு இந்த அநியாயத்தைத் தீர்த்து வைத்தது. அந்தத் தீர்ப்பு முஸ்லிம் திருமணங்களைப் பற்றியது. நம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும்போது, ஐயருக்குப் பதிவு அதிகாரம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் அதே வாரத்தில் ஹோம் அஃபேர்ஸ் போய் வாருங்கள்.

கேள்வி கேட்டவர் (சாட்ஸ்வொர்த்)

நேற்றுப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் எல்லாவற்றையும் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டோம். கோயில் செயலாளர் ஞாயிற்றுக்கிழமையே கடிதம் தந்தார். ஐயர் தன் காரிலேயே எங்களோடு காவல் நிலையம் வந்தார். அத்தானின் தங்கையும் அக்கா பக்கம் நின்று வாக்குமூலம் கொடுத்தார். அண்ணன் இன்னும் பேசவில்லை.

பீனிக்ஸ் அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன மாதிரி 6.72ஐ வைத்து அத்தானின் நிஜச் சம்பளத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவருக்குக் கிடைத்த மொத்தத் தொகை அதைவிடக் குறைவாக இருந்தது. எங்கேயோ தப்பு என்று அக்கா பயந்துவிட்டாள். கவுண்டரில் இருந்த பெண் படிவத்தின் இன்னொரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 75 சதவீதம் என்ற கட்டத்தில் அத்தான் பேனாவால் குறி போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் வைத்திருக்கிறார். கல்யாணம் ஆகிப் பத்து மாதம்கூட ஆகாத நேரம். அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வரும் வழியில் அக்கா காரை நிறுத்தச் சொன்னாள். வறுகடலை ஒரு பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டாள். பணம் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.