நேசலுக்குத் தமிழ்ச் சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

அன்பர்களே,
காற்றாலைப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கோபுர உச்சியில், இறக்கைகளுக்குப் பின்னால் இருக்கிற பெரிய பெட்டி, அதாவது நேசல், அதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. எங்கள் பாடத்தில் வரும் இயந்திரத்தில் இறக்கை நிமிடத்துக்கு 15, 20 சுற்றுதான். பெட்டிக்குள் இருக்கும் கியர்பாக்ஸ் அதை 1500 சுற்றுக்கு ஏற்றி ஜெனரேட்டருக்குக் கொடுக்கும். பிரேக்கும் அங்கேதான். 'பொறிக்கூடு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
— நாகர்கோவில்

கூடு குருவிக்கு, அம்மா. நேசல் என்றால் பிரெஞ்சில் சிறு படகு. மூலம் லத்தீன் நாவிஸ். பக்கத்தில் நம் நாவாயை வைத்துப் பாருங்கள்! புறநானூறு 66இல் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனின் முன்னோனை 'நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறார். காற்றும் கலமும் சேர்ந்தே நிற்கின்றன. 'வளிநாவாய்' என்க. 'காற்றாலை'யும் வேண்டாம். ஆலை கரும்பு ஆட்டுவது. இங்கே எதை ஆட்டுகிறார்கள்?
— தஞ்சை

புலவர் ஐயா, நூலாலையில் மட்டும் எதை ஆட்டுகிறார்கள்? நாவிஸுக்கும் நாவாய்க்கும் உறவு சொல்லுமுன், கப்பலைக் குறிக்கும் வடமொழி 'நௌ'வுக்கு வழி சொல்லுங்கள். என் ஓட்டு 'அம்பாரி'. யானை மேல் இருந்தது கோபுரத்தின் மேல் ஏறட்டுமே.
— கோவை

அம்பாரி உருது வழி வந்தது. ஒருக்காலும் கூடாது.
— தஞ்சை

முப்பந்தல் பக்கம் பதினோரு வருடமாக ஏறி இறங்குகிறேன். ஊருக்கு முழு மெஷினும் காத்தாடி. எங்களுக்கு அந்தப் பெட்டி நேசல், அவ்வளவுதான். தென்மேற்குக் காற்று தொடங்குமுன் சர்வீஸ் முடிக்க வேண்டும். ஏணியில் ஏறி, மூடியைத் தலையால் முட்டித் திறந்து, கொக்கி மாட்டியதும் கியர் எண்ணெய் வாடை முகத்தில் அடிக்கும். கீழே இருப்பவனுக்கு வாக்கிடாக்கியில் 'நேசல்ல ஆள் இருக்கு, பிரேக்கை எடுக்காதே' என்போம். 'வளிநாவாயில் ஆள்' என்றால் பையன் கடற்கரைக்கு ஓடிவிடுவான்.
— ஆரல்வாய்மொழி

நன்றி அண்ணா. தனிமடலில் வந்ததையும் சேர்த்து பொறிக்கூட்டுக்கு ஆறு பேர், அம்பாரிக்கு இரண்டு, நாவாய்க்கு ஒன்று. பாடத்தில் பொறிக்கூடு, எச்சரிக்கைப் பக்கங்களில் நேசல் என்றே விடுகிறேன். அடுத்து 'யா', 'பிட்ச்' என்ற இரண்டு சொற்கள். பெட்டி காற்றுக்கு முகம் கொடுப்பது ஒன்று, இறக்கை தன் அச்சில் புரள்வது இன்னொன்று. இரண்டையும் 'திருப்பம்' என்றால் மாணவர்கள் குழம்புகிறார்கள்.
— நாகர்கோவில்

ஒரே நூலில் ஒரு பொருளுக்கு இரு சொல்லா? நான் நாவாயை வாபஸ் வாங்கவில்லை.
— தஞ்சை

ஐயா, 'வாபஸ்' எந்த வழி வந்தது?
— கோவை