கிரீம் இல்லாத சாக்லேட் மூஸ்: செய்து பார்த்தவர்கள் பகிருங்கள்

மாடித்தோட்டம்:

எங்கள் அத்தை பச்சை முட்டை சேர்த்த எதையும் தொடமாட்டார். மூஸ் என்கிற நுரை போல மென்மையான இனிப்புக்கோ பச்சை வெள்ளைக்கருவை அடித்துச் சேர்ப்பதுதான் பழைய பிரெஞ்சு முறை. கிரீமில் செய்யலாமென்றால், கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில் கொழுப்பு 25 சதவீதம்தான். அடித்தால் நுரைத்து நிற்க 30-க்கு மேல் வேண்டும்.

இரண்டுமே வேண்டாம், தண்ணீரும் சாக்லேட்டும் போதும் என்று 1990-களில் காட்டியவர் எர்வே திஸ் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர். சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது. அதை நீரோடு கலந்து குளிரக் குளிர அடித்தால் கிரீம் போலவே காற்றைப் பிடித்துக்கொள்கிறது. 200 மி.லி. தண்ணீருக்கு 225 கிராம் சாக்லேட், 70 சதவீதக் கோகோ உள்ளது. வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் என்றால் வேண்டாம், மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டும்.

எனக்கு இந்த முறை பிடித்துப்போனதே அந்தத் தண்ணீரால்தான். அதில் எந்த வாசனையை வேண்டுமானாலும் ஏற்றலாம். என் தொட்டியில் திருநீற்றுப்பச்சிலை செழித்துக் கிடக்கிறது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு கைப்பிடி இலையைக் கசக்கிப் போட்டு, பத்து நிமிடம் மூடிவைப்பேன். இலையைக் கொதிக்க விட்டால் வைக்கோல் வாடை வந்துவிடும். வடிகட்டியபின் மறுபடி அளந்து, இலை குடித்த தண்ணீரை ஈடுகட்ட வேண்டும். இலையை நறுக்கிக் கலக்கும் குறிப்புகளும் உண்டு. கறுத்துப்போய்ப் பல்லில் மாட்டுவதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை என்பது என் கருத்து.

பிறகு அந்த நீரில் சாக்லேட்டை உருக்கி, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து அடிக்க வேண்டியதுதான். முதலில் குழம்பு மாதிரி தளதளவென்று இருக்கும், நம்பிக்கையே வராது. திடீரென்று நிறம் வெளுத்து இறுகும். கரண்டியில் எடுத்து ஊற்றினால் கோடு விழுந்து நிற்கிற அந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். தாண்டினால் மணல் மணலாகும். ஆனாலும் குப்பைக்குப் போக வேண்டியதில்லை, திரும்ப உருக்கி முதலிலிருந்து அடித்தால் சரியாகிவிடும். இதற்காகவே இந்த முறையைத் தைரியமாகச் சிபாரிசு செய்கிறேன்.

மேலே பழுத்த மாம்பழத் துண்டுகள், இரண்டு துளி எலுமிச்சைச் சாறு. அத்தை இரண்டாவது கிண்ணம் கேட்டார்!

தென்னந்தோப்பு:

அக்கா, நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம். தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ போட்டிருக்கிறோம். மாம்பழத்துக்குப் பதில் கோகோப் பழத்தின் சதையையே போட்டுப் பாருங்கள். காயை உடைத்தால் விதைகளைச் சுற்றி வெள்ளையாக, புளிப்பும் இனிப்புமாக இருக்குமே, அதுதான். விதையை விட்டு லேசில் வராது, சல்லடையில் தேய்த்தெடுக்க வேண்டும். நிறைய எடுக்க அப்பா விடமாட்டார். விதை புளித்து மணம் ஏற அந்தச் சதை வேண்டும். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு ஸ்பூன் போதும், அவ்வளவு கூர்மையான புளிப்பு. கூட எலுமிச்சைப்புல் நன்றாகச் சேர்ந்தது. அதைத் தட்டிப்போட்டு ஐந்து நிமிடம் தாராளமாகக் கொதிக்க விடலாம், வாசம் கெடாது.

மாடித்தோட்டம்:

தம்பி, கோகோப் பழம் இங்கே சென்னையில் எங்கே போய்த் தேட! அன்னாசி போடலாமா என்று யோசிக்கிறேன். ஜெலட்டின் சேர்த்த இனிப்பில் பச்சை அன்னாசி போட்டால் உறையவே உறையாது, அதிலுள்ள நொதி ஜெலட்டினைச் சிதைத்துவிடும். இதில் இறுகுவது கோகோ வெண்ணெய் என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. புதினாத் தண்ணீரோடு வரும் ஞாயிறு செய்யப்போகிறேன். ஒன்று மட்டும், கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். நம் ஊர் மே மாதத்தில் சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகுதான் ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டும்.