கோழிக்கோடு 1344: ஐப்பசி மழையில் திருச்சியிலும் இப்படி ஆகுமா?

கொள்ளிடக்கரை:
2020 ஆகஸ்ட் 7 இரவு துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344, மழையில் கோழிக்கோடு ரன்வேயைத் தாண்டி ஏறத்தாழ 110 அடி பள்ளத்தில் விழுந்து மூன்று துண்டானது. 190 பேரில் 21 பேர் போய்விட்டார்கள், பைலட்டுகள் இருவரும் அதில் அடக்கம். விசாரணை அறிக்கை பைலட் விதிமுறையை மீறினார் என்று முடித்துவிட்டது. குன்றை வெட்டி அதன் தலையில் ரன்வே போட்டவர்களை யார் கேட்பது? இதே விமானம் திருச்சியில் ஓடியிருந்தால் சேற்றில் சக்கரம் புதைந்து நின்றிருக்கும்.

வயலூரான்_737:
நின்றிருக்குமா? கணக்கைப் பாருங்க அண்ணே. ரன்வே 8858 அடி. சக்கரம் தொட்டது 4438-வது அடியில். பாதி ரன்வே ஏற்கெனவே பின்னால் போயாச்சு. முதல் 3000 அடி, இல்லை ரன்வேயில் மூன்றில் ஒரு பங்கு, எது குறைவோ அதற்குள் தொடணும். இங்கே அது 2950 அடி. தரைவேகம் 165 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர்), அதாவது வினாடிக்கு 278 அடி. கூடுதலாகத் தின்ன 1490 அடியும் மிதந்துகொண்டே போன ஐந்தே கால் வினாடிதான்.

முனையைத் தாண்டும்போதும் 84.5 நாட், மணிக்கு 156 கிலோமீட்டர். திருச்சி ரன்வே 8136 அடிதான். அதே இடத்தில் தொட்டிருந்தால் இன்னும் 700 அடி குறைவு. 2018 அக்டோபரில் டேக்ஆஃப் ஆன விமானமே அங்கே சுவரை இடித்துவிட்டுத்தான் போனது.

இறங்கு வேகம் நிமிடத்துக்கு 1500 அடி வரை போயிருக்கு. 1000-க்கு மேல் போனாலே அது நிலையில்லாத அப்ரோச் (ரன்வேயை நோக்கி இறங்கி வரும் கட்டம்), எஞ்சின் த்ரஸ்ட்டைக் கூட்டி மேலே ஏறிடணும். கோ-பைலட் ‘கோ-அரவுண்ட்’, அதாவது இறங்காமல் மேலே ஏறு என்று சொல்லியும் ஏறவில்லை. இதில் குன்று என்ன செய்யும்?

நாகை_வானிலை:
ரெண்டு பேரும் காற்றை மறந்துட்டீங்க. முதல் முயற்சி ரன்வே 28-ல் (எண்ணைப் பத்தால் பெருக்கினால் இறங்கும் திசை டிகிரியில் வரும், 28 என்றால் மேற்கு நோக்கி), மேல்காற்றை எதிர்த்து. கேப்டன் பக்க வைப்பர் கொஞ்ச நேரம் ஓடி நின்றுபோனது, ரன்வே கண்ணில் படவில்லை, மேலே ஏறினார்கள். அதற்குள் புறப்பட இருந்த வேறொரு விமானம் கேட்டதால் அதே ரன்வேயில் எதிர்த்திசை, ரன்வே 10 ஆக மாறியது. தென்மேற்குப் பருவத்தில் 10-ல் இறங்கினால் காற்று முதுகில்தான்.

டவர் சொன்ன காற்று 250 டிகிரியிலிருந்து, 8 நாட். உண்மையில் தள்ளியது ஏறத்தாழ 15. காற்றில் 150 நாட் பறக்கிற விமானம், 15 நாட் எதிர்காற்றில் 135-ல் தரை தொடும், பின்காற்றில் 165-ல். பிரேக் விழுங்க வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கம். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! 28-க்கே திரும்பி வந்திருந்தால் இந்த இழையே இருக்காது.

கொள்ளிடக்கரை:
அதைத்தானே நானும் சொல்றேன்? ரன்வேயை மாற்றியது தரையில் இருந்தவர்கள். சக்கரம் பட்டதும் நொறுங்கி வேகத்தை உறிஞ்சும் நுரை கான்கிரீட் படுக்கை பல நாடுகளில் ரன்வே முனையில் இருக்கு. இங்கே மண்தான்.

வயலூரான்_737:
ரன்வே 10-ஐக் கொடுத்தால் ‘முடியாது, 28-தான் வேணும்’ என்று சொல்ல கேப்டனுக்கு முழு உரிமை உண்டு. மாற்று நிலையத்துக்குப் போகும் எரிபொருளும் இருந்தது. அந்தப் படுக்கை வழக்கமாக 70 நாட்டுக்கு வடிவமைப்பது. சக்தி வேகத்தின் வர்க்கம் என்பதால், 84.5-ல் வந்தால் மறுபக்கம் இன்னும் 47 நாட் மிச்சம்.

கொள்ளிடக்கரை:
அந்த 70, ரிவர்ஸ் த்ரஸ்ட் (வேகத்தைக் குறைக்க எஞ்சின் விசையை முன்னால் திருப்புவது) இல்லை, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு சார். பிரேக்கும் சேர்ந்தால் மிச்சம் இன்னும் குறையும். 47-ஐ வைத்து ஒதுக்கிவிட முடியாது.

வயலூரான்_737:
சரி, குறையும். அதை ஒத்துக்கிறேன். விழாமல் நிற்கும் என்று மட்டும் எழுதாதீங்க.

பொன்மலை:
தலைப்புக்கு வாங்க. திருச்சியில் ஐஎல்எஸ் (மேகத்துக்குள்ளும் ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ கருவி) 27 பக்கம், அதாவது மேற்கு நோக்கி இறங்க. ஐப்பசி அடைமழையில் மேகம் தாழ்ந்தால் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். 050 டிகிரியில் 15 நாட் என்றால் 27-க்குப் பின்காற்று 11.5. போயிங் 737-க்கு அடிப்படை வரம்பு 10, கூடுதல் ஆப்ஷன் வாங்கியிருந்தால் 15. பள்ளம் இல்லை என்பதைத் தவிர கோழிக்கோட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்லுங்க பார்ப்போம்.

நாகை_வானிலை:
அப்போ எதிர்த்திசையில், 09-ல் இறங்கணும். ரன்வே கண்ணில் படவில்லை என்றால் மதுரை.

பொன்மலை:
மதுரை ரன்வே 7500 அடி, திருச்சியை விடக் குட்டை. அதே மழை அங்கேயும் கொட்டிக்கொண்டிருக்கும். சென்னை 07 என்றால் 12,000 அடி, வாடைக்கு ஏறத்தாழ நேர்முகம், ஐஎல்எஸ்ஸும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் துபாயிலேயே எரிபொருளைச் சென்னைக்குக் கணக்குப் போட்டு ஏற்றிடணும்.