படப் பகிர்வுத் தளம்: அப்லோடில் ரேம் தீர்கிறது, படங்கள் படுத்துக் கிடக்கின்றன

படப்பெட்டி:

வணக்கம். ஓய்வு நேர வேலையாக ஒரு சின்னப் படப் பகிர்வுத் தளம் கட்டுகிறேன். அழைப்பு பெற்றவர்கள் மட்டும், மிஞ்சிப் போனால் ஐம்பது பேர். தளம் பைத்தானின் ஜாங்கோவில், டேட்டாபேஸ் எஸ்க்யூலைட், முன்னால் கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ், ஜாங்கோவை ஓட்டும் குனிகார்னில் 4 வொர்க்கர் (ஒரே நேரத்தில் ஓடும் புரொசஸ்). சர்வரில் 1 ஜிபி ரேம், 25 ஜிபி டிஸ்க். படம் வந்ததும் பில்லோ என்ற பைத்தான் லைப்ரரியில் திறந்து ரீசைஸ் செய்து, 1600 பிக்சலில் ஒன்றும் 400 பிக்சலில் ஒன்றுமாக ஜேபெக்கில் சேமிக்கிறேன்.

சில படங்கள் ஏறாமல் 413 (அனுப்பியது அளவு மீறியது) என்ற பிழை வருகிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் 50 மெகாபிக்சல் படம் ஏற்றினால் ரேம் தீர்ந்து லினக்ஸ் வொர்க்கரைக் கொன்றுவிடுகிறது. ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை சின்னப் படத்தில் படுத்துக் கிடக்கின்றன. மூலப் படத்தை பிரௌசரில் திறந்தால் சரியாக நிற்கிறது.

இன்னொன்று: படங்களை டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்துவிட்டால் பேக்கப் எளிதாகுமா?

கூழாங்கல்:

413 உங்கள் ஜாங்கோவிலிருந்து வரவில்லை. என்ஜின்எக்ஸ் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. கோரிக்கையின் உடல் அளவுக்கு அதன் இயல்பான வரம்பு 1 எம்பி. அதை 25 எம்பி ஆக்குங்கள், ஆனால் அப்லோட் வரும் அந்த ஒரு முகவரிக்கு மட்டும். தளம் முழுக்கத் திறந்துவிட வேண்டாம்.

படுத்துக் கிடப்பதற்குக் காரணம் எக்சிஃப், அதாவது படத்தின் ஃபைலுக்குள் கேமரா எழுதிவைக்கும் விவரக் குறிப்பு. ஃபோன் பிக்சல்களைத் திருப்புவதில்லை. சென்சாரில் விழுந்தபடியே எழுதிவிட்டு, எக்சிஃபில் திசைக்கான இடத்தில் ஓர் எண்ணைக் குறித்து வைக்கிறது. 1 என்றால் அப்படியே காட்டு, 6 என்றால் வலப்பக்கமாக 90 டிகிரி திருப்பிக் காட்டு. பிரௌசர் அந்தக் குறிப்பைப் படிக்கிறது, அதனால்தான் மூலப் படம் நிற்கிறது. பில்லோவோ ஜேபெக்கைச் சேமிக்கும்போது நீங்கள் சொன்னாலொழிய எக்சிஃபை எழுதாது. குறிப்பு போய்விட்டது, பிக்சல் படுத்தபடியே இருக்கிறது. பில்லோவின் இமேஜ்ஆப்ஸில் உள்ள எக்சிஃப்_டிரான்ஸ்போஸைக் கூப்பிட்டால் பிக்சலையே திருப்பித் தரும்.

எக்சிஃப் உதிர்வது ஒருவகையில் நல்லது. படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் அதோடு போய்விடும். ஆனால் மூலப் படத்தை டவுன்லோடுக்குக் கொடுத்தால் அத்தனையும் வெளியே போகும். ஒருவர் வீட்டு வாசலைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும் விவரம் அது. மூலப் படம் வெப்பில் எட்டாத ஃபோல்டரில்தான் இருக்க வேண்டும்.

டேட்டாபேஸுக்குள் வேண்டாம். தினமும் பல ஜிபி உள்ள ஒரே ஃபைலை முழுசாகப் பிரதி எடுக்க நேரும். படம் டிஸ்கில், அதன் பெயர், அகலம், உயரம், யார் ஏற்றியது என்பவை மட்டும் டேட்டாபேஸில். ஃபைலுக்கு அதன் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷையே (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹெக்ஸ் எண்; ஒரே உள்ளடக்கத்துக்கு ஒரே எண்) பெயராக வையுங்கள். முதல் இரண்டு எழுத்து ஃபோல்டர் பெயரானால் 256 ஃபோல்டர்களில் பிரிந்துகொள்ளும்.

நெசவாளி:

ரேம் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிஸ்கில் 12 எம்பி இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. ரேமில் எண்ணப்படுவது பிக்சல். 8160 × 6120 படம் ஏறக்குறைய 5 கோடி பிக்சல். பில்லோ மூன்று நிறமே உள்ள ஆர்ஜிபி படத்தையும் உள்ளுக்குள் பிக்சலுக்கு 4 பைட் கணக்கில்தான் வைக்கிறது. ஆக ஒரு படம் 20 கோடி பைட், அதாவது 200 எம்பி. நான்கு வொர்க்கரும் ஒரே நேரத்தில் திறந்தால் 800 எம்பி. ஜாங்கோவுக்கும் சிஸ்டத்துக்கும் இடமே இல்லை.

ரீசைஸை விட்டுவிட்டு தம்ப்நெயில் என்ற முறையைக் கூப்பிடுங்கள். ஜேபெக்கை அரை, கால், அரைக்கால் அளவில் விரிக்கும் வசதி அந்த வடிவத்திலேயே உண்டு; தம்ப்நெயில் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. 1600 கேட்டால் தரம் குறையாமலிருக்க அதைப் போல் இரண்டு மடங்கை வைத்துக் கணக்கிட்டு, மேலே சொன்ன படத்தை அரை அளவில், 4080 × 3060 ஆக விரிக்கும். 50 எம்பி. நாலில் ஒரு பங்கு.

இங்கேதான் கூழாங்கல் சொன்னதோடு ஓர் எச்சரிக்கை சேர வேண்டும். எக்சிஃப்_டிரான்ஸ்போஸை முதலில் கூப்பிட்டால் அது முழுப் படத்தையும் விரித்து, திருப்பிய பிரதி ஒன்றையும் உண்டாக்கும். 200 எம்பி 400 எம்பி ஆகிவிடும். அதற்குப் பிறகு தம்ப்நெயில் கூப்பிட்டுப் பயனில்லை, விரித்தது விரித்ததுதான். திறந்ததும் தம்ப்நெயில், அடுத்து டிரான்ஸ்போஸ், இந்த வரிசையை மாற்றாதீர்கள். எல்லை 1600 × 1600 என்று சதுரமாக இருப்பதால் முன்னால் திருப்பினாலும் பின்னால் திருப்பினாலும் விளைவு ஒன்றே. 400 பிக்சல் படத்தை 1600-இலிருந்து எடுங்கள், மூலத்தை மறுபடி திறக்காதீர்கள்.

பிஎன்ஜிக்கு இந்தச் சலுகை கிடையாது, முழுசாகத்தான் விரியும். அதில் ஆல்ஃபா (ஒளி ஊடுருவும் தன்மை) இருந்தால் ஜேபெக்காகச் சேமிக்கும்போது பிழை வரும். வெள்ளைப் பின்னணி மேல் ஒட்டிவிட்டுச் சேமியுங்கள்.

சேமிக்கும்போது ஐசிசி புரொஃபைலையும் (நிறங்களை எப்படிக் காட்டுவது என்ற குறிப்பு) கையில் எடுத்துக் கொடுங்கள். ஜேபெக்கில் அதுவும் தானாகப் போகாது. டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிறத்தொகுப்பில் எடுக்கும் ஃபோன் படங்களில் சிவப்பும் பச்சையும் வெளிறிப்போவது இதனால்தான்.

இவ்வளவும் செய்தாலும் வேலையை வொர்க்கருக்குள் வைக்காதீர்கள். குனிகார்ன் இயல்பாக 30 விநாடி பதில் இல்லையென்றால் வொர்க்கரை நிறுத்திவிடும். படத்தை டிஸ்கில் போட்டு, டேட்டாபேஸில் நிலை "காத்திருக்கிறது" என எழுதிவிட்டுப் பதில் அனுப்புங்கள். தனியாக ஒரே ஒரு புரொசஸ் அந்த வரிசையை ஒவ்வொன்றாக முடிக்கட்டும். ஐம்பது பேருக்கு ரெடிஸ், செலரி போன்ற வரிசைக் கருவிகள் எதுவும் தேவையில்லை.

வாசற்காவல்:

ஃபைல் பெயரின் வாலில் உள்ள எழுத்தையும், பிரௌசர் அனுப்பும் வகைப் பெயரையும் நம்ப வேண்டாம். இரண்டையும் அனுப்புபவர் விரும்பியபடி எழுதலாம். பில்லோவில் திறக்கும்போதே ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி மூன்றை மட்டும் அனுமதிக்கும் பட்டியலைக் கொடுங்கள். எஸ்விஜி வேண்டவே வேண்டாம், அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் வைக்க முடியும். ஐஃபோனின் ஹெச்இஐசி வகைப் படத்தை பில்லோ தனி பிளக்இன் இல்லாமல் திறக்காது. இப்போதைக்கு "ஜேபெக்காக அனுப்புங்கள்" என்று தெளிவாகச் சொல்லிவிடலாம்.

சில கேபி அளவுள்ள பிஎன்ஜி ரேமில் கோடிக்கணக்கான பிக்சலாக விரியலாம். பில்லோ ஏறத்தாழ 8.9 கோடி பிக்சலுக்கு மேல் எச்சரிக்கை மட்டும் தரும், அதன் இரு மடங்கில்தான் மறுக்கும். 1 ஜிபி ரேமுக்கு அது தாங்காது. திறந்தவுடன் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பார்த்து 6 கோடிக்கு மேல் போனால் நிறுத்துங்கள். திறப்பது ஃபைலின் தொடக்கத்தில் உள்ள தலைப்புப் பகுதியை மட்டுமே படிப்பதால் அதுவரை ரேம் செலவாகாது.

ஹேஷ் பெயரில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே படத்தை இரண்டு பேர் ஏற்றினால் ஃபைல் ஒன்றுதான் இருக்கும். ஒருவர் அழித்தால் மற்றவர் படமும் போய்விடும். யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கை வைத்தால் சரியாகும், ஆனால் சின்னத் தளத்தில் அந்த எண்ணிக்கை என்றைக்காவது தப்பும். ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஒரு ரேண்டம் பெயர் போதும். ஹேஷால் மிச்சமாகும் டிஸ்க் அற்பம்.

கூழாங்கல்:

ஒப்புக்கொள்கிறேன், ரேண்டம் பெயரே மேல். 256 ஃபோல்டர் பிரிப்பு அதற்கும் பொருந்தும்.

படப்பெட்டி:

நீங்கள் சொன்ன வரிசைக்கே மாற்றிவிடுகிறேன், மிக்க நன்றி. தனிப்பட்ட ஆல்பங்களும் உண்டு. படத்தை என்ஜின்எக்ஸ் நேரடியாகக் கொடுத்தால் உரிமை சரிபார்ப்பது எப்படி? ஜாங்கோ வழியாகக் கொடுத்தால் மெதுவாகிறது.

நெசவாளி:

இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். கோரிக்கை ஜாங்கோவுக்கு வரட்டும். உரிமை பார்த்துவிட்டு, வெற்று உடலோடு எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் என்ற ஹெட்டரில் ஃபைலின் உள்வழியை எழுதி அனுப்புங்கள். என்ஜின்எக்ஸ் அதைப் பார்த்துத் தானே ஃபைலை அனுப்பும். அந்த வழியை என்ஜின்எக்ஸ் அமைப்பில் "இன்டர்னல்" என்று குறிக்க மறந்தால் யார் வேண்டுமானாலும் நேராகப் போய் எடுத்துவிடுவார்கள். எவ்வளவு காலம் சேமித்துவைக்கலாம் என்று சொல்லும் கேஷ்-கன்ட்ரோல் ஹெட்டரில் தனிப்பட்ட படத்துக்கு "பிரைவேட்" என்றே இருக்கட்டும். பொதுப் படத்துக்கு ஓராண்டு, அதாவது 31536000 விநாடி கொடுக்கலாம். அந்தப் பெயரில் உள்ள ஃபைல் எப்போதும் மாறாது என்பதால் பயமில்லை.

பட்டியல் பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் எழுதுங்கள், இல்லையென்றால் படம் வர வர பக்கம் குதிக்கும். அடுத்த பக்கத்துக்கு ஆஃப்செட் (முதல் இத்தனையை விட்டுவிட்டு அடுத்ததைக் கொடு என்பது) வேண்டாம். பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராவது மூன்று படம் ஏற்றினால், முதல் பக்கத்தின் கடைசி மூன்றும் இரண்டாம் பக்கத்தில் மறுபடி வரும். "இந்த எண்ணுக்கு முந்தைய 30" என்று கேளுங்கள்.

வாசற்காவல்:

பேக்கப்பில் ஒரு வரிசை முக்கியம். எஸ்க்யூலைட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைலை வெறுமனே காப்பி செய்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டலாம். அதன் பேக்கப் கட்டளையையே பயன்படுத்துங்கள். டேட்டாபேஸை முதலில் எடுத்து, அதன் பிறகு படங்களை ஆர்சிங்க் (மாறிய ஃபைல்களை மட்டும் பிரதி எடுக்கும் கருவி) செய்யுங்கள். இடையில் புதிதாக வந்த படம் பேக்கப்பில் உபரியாகக் கிடக்கும், அவ்வளவுதான். தலைகீழாகச் செய்தால் டேட்டாபேஸில் பெயர் இருக்கும், டிஸ்கில் படம் இருக்காது. ஆர்சிங்கில் அழிப்பதற்கான ஆப்ஷனைச் சேர்க்காதீர்கள்: இங்கே தவறுதலாக அழிந்த படம் அன்றிரவே பேக்கப்பிலிருந்தும் போய்விடும். பயனர் வேண்டுமென்றே அழித்தவற்றைத் தனிப் பட்டியலில் குறித்துவைத்து, 30 நாள் கழித்துப் பேக்கப்பிலிருந்தும் நீக்குங்கள்.