உறையவைத்த செல்லுக்குள் பனிப் படிகம்: எந்தக் கட்டத்தில் தவறுகிறது?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக ஈஸ்ட் செல்களை 2,100 பார் அழுத்தத்தில் உறையவைத்து, உள்ளே உறைந்த நீருக்குப் பதில் அசிட்டோன் புகுவதற்காக, 1% ஆஸ்மியம் டெட்ராக்சைடு (செல்லை நிலைப்படுத்தி நிறமேற்றும் வேதிப்பொருள்) கலந்த அசிட்டோனில் மைனஸ் 90 டிகிரியில் 3 நாள் வைக்கிறேன். அப்புறம் மெல்ல வெப்பமேற்றி, ரெசினில் பதித்து, 70 நானோமீட்டர் தடிமனில் சீவுகிறேன். செல் சவ்வு அழகாகத் தெரிகிறது. ஆனால் உட்கருவுக்குள் வலை பின்னியதுபோல் ஒரு கோலம். பனிப் படிகம் வளர்ந்ததன் அடையாளம்தானே இது?

படிகம் வளராமல் தடுக்க 20% அல்புமின் புரதம் சேர்த்தும் பார்த்துவிட்டேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. எனக்குச் சந்தேகமெல்லாம் உறைந்த மாதிரியைத் திரவ நைட்ரஜனிலிருந்து அசிட்டோன் குப்பிக்கு மாற்றும் அந்தச் சில நொடிகள் மேல்தான். இடுக்கியைச் சரியாகக் குளிரவைக்காவிட்டால் அங்கேயே மாதிரி சூடாகிவிடுமே. இல்லை, உறையவைக்கும்போது செல்களை வைக்கும் 200 மைக்ரோமீட்டர் ஆழக் கிண்ணம்தான் காரணமா? 100க்கு மாறியவர்கள் யாராவது இருந்தால், உட்கரு எப்படி வந்தது என்று சொல்லுங்கள்.