புதுப்பிப்பு: ஹம்மிங் பறவை இரவில் கூட்டில் தங்காதது ஏன்?

நான் பார்த்துவந்த ஹம்மிங் பறவைக் கூட்டில் தாய் இரவில் தங்கவில்லை; குஞ்சுகளைக் கைவிட்டுவிட்டதோ என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைவிடவில்லை, 2 குஞ்சுகளும் நல்லபடியாகப் பறந்துவிட்டன.

"தள்ளி நின்று, கண்ணை எடுக்காமல் ஒரு மணி நேரம் பாருங்கள்" என்ற யோசனைதான் உதவியது. தாய் வந்து, அலகைக் குஞ்சின் தொண்டைக்குள் ஆழமாக விட்டுத் தேனும் பூச்சியும் ஊட்டிவிட்டுச் சில நொடிகளில் போய்விடுகிறது. கொஞ்சம் திரும்பினாலும் தவறிவிடும். இறகு முளைக்கத் தொடங்கிய குஞ்சுகள் தாமே உடல் சூட்டைக் காத்துக்கொள்ளும். அதனால்தான் பொரித்துச் சுமார் 10 நாளுக்குப் பிறகு தாய் இரவில் அடைகாப்பதில்லை. ஆண் பறவையைத் தேட வேண்டாம், அது வளர்ப்பில் சேராது.

நான் எதிர்பாராதது கூடுதான். சிலந்தி நூல் சேர்த்துக் கட்டியதால், குஞ்சுகள் வளர வளர அதுவும் அழகாக விரிந்து கொடுத்தது. அப்புறம், குஞ்சுகள் அமைதியாக இருந்தால் பயப்படாதீர்கள். விடாமல் கத்தினால்தான் கவலைப்பட வேண்டும்.